கல்லாப்பெட்டியும் தியானப் பாயும்: பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. வாரத்தில் ஒருநாள் மாலை ஒரு சின்னக் குழுவோடு உட்கார்ந்து ஏதாவது படிப்போம், கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். பல மதத்தவரும் வருகிறார்கள், மதமே வேண்டாம் என்பவர்களும் வருகிறார்கள். கடவுள் உண்டா இல்லையா என்று சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பவர்கள்கூட, பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருப்பார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என்னால் முடிந்த பதில்களும் இவை. நான் குருவும் இல்லை, முதலீட்டு ஆலோசகரும் இல்லை.

பணம் வைத்திருப்பவருக்கு ஆன்மிகம் கைகூடாதா?

கைகூடாது என்று பெரிய மரபு எதுவும் முடிவாகச் சொல்லிவிடவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசை போட்டவர்கள் பொருளை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை, அறத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். புத்தருக்கு ஜேதவனம் என்ற தோப்பை வாங்கித் தந்த அனாதபிண்டிகர் பெருவணிகர். நிலத்தின்மேல் பொற்காசுகளைப் பரப்பி விலை கொடுத்தார் என்பது கதை. நபிகள் நாயகம் வணிகத்தில் இருந்தவர். அவருடைய முதல் மனைவி கதீஜா சொந்தமாக வாணிபம் நடத்தியவர்.

எனக்குப் பிடித்த உவமை 757ஆம் குறளில் இருக்கிறது. அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை; அதை வளர்ப்பது பொருள் என்னும் செவிலித்தாய். செவிலி பெற்றவளாகிவிட முடியாது. ஆனால் அவள் வராத நாளில் குழந்தை பட்டினி. பணத்துக்கு எவ்வளவு மரியாதை தரலாம் என்று இதைவிடத் துல்லியமாக யாரும் அளந்து சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் இத்தனை எச்சரிக்கிறார்கள்? வழக்கமான பதில், ஆசை. பல வருடம் பிறருடைய கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. பணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பெரிய தொல்லை பயம். ஆசைக்காரன் ஒருநாள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவான், பயந்தவனுக்கு அலுப்பே வராது. கீழே வரும் பதில்களில் இந்தப் பயம் அடிக்கடி தலைகாட்டும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளே சொல்கிறதே?

சொல்லவில்லை. 1 தீமோத்தேயு 6:10 “பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது” என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் வெள்ளிமீது கொண்ட காதல். “ஆசை”யை நடுவிலிருந்து உருவிவிட்டு மேற்கோள் காட்டுவது பணமில்லாதவருக்கு வசதி, அவ்வளவுதான்.

ஊசியின் காதில் ஒட்டகம் நுழைந்தாலும் பணக்காரன் பரலோகம் போக முடியாது என்பதற்கு என்ன சொல்வீர்கள்?

எருசலேமில் “ஊசியின் காது” என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு அதில் நுழையும் என்றொரு விளக்கம் மேடைகளில் ஓடுகிறது. அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்குச் சான்று இல்லை. வசனத்தின் கூர்மையை மழுக்கப் பின்னால் சேர்ந்த கதை அது. சொன்னது சொன்னதுதான், கடுமையாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். மாற்கு 10இல் ஒரு பணக்காரர் ஓடி வருகிறார், முழங்கால் படியிடுகிறார், நித்திய வாழ்வுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டு வா என்ற பதில் வந்ததும் துக்கத்தோடு போய்விடுகிறார். அதற்குப் பிறகுதான் ஒட்டகம். லூக்கா 19இல் இன்னொரு பணக்காரர், சகேயு. வரி வசூலிப்பவர்களின் தலைவர். என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று சொல்லிவிடுகிறார்.

ஒருவரிடம் முழுசும் கேட்கப்பட்டது, இன்னொருவரிடம் பாதியே போதுமாக இருந்தது. கணக்காகப் பார்த்தால் பொருந்தாது. முதலாமவர் தன் சொத்தைத் தன்னிடமிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாமல் நின்றார், சகேயு யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் திறந்துவிட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். நாலு மடங்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். தானம் வேறு, திருப்பித் தருவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நிறையப் பேர் இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்து பெயர் வாங்குகிறார்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்?

பணம் வந்த பிறகு கேட்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சமண மரபில் இல்லறத்தார் ஏற்கும் ஐந்து விரதங்களில் கடைசி விரதம் இதுதான். துறவி எல்லாவற்றையும் விட வேண்டும், இல்லறத்தார் விட வேண்டியதில்லை. ஆனால் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கால்நடை என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வந்தால் அது தன்னுடையது இல்லை. வரம்பு எவ்வளவு என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்பது இதில் நுட்பமான இடம். பெரிய எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்களேன், ஆனால் ஒரு எண் இருக்கட்டும்.

நான் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு தொகையை எழுதி வைத்தேன். இவ்வளவு சேர்ந்தால் போதும், அதற்கு மேல் வருவதில் பாதி வெளியே போகும் என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்தத் தொகையை எட்டிய வருடம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அடுத்த நிமிடமே பேனாவைத் திறந்துவிட்டேன். விலைவாசி ஏறிவிட்டது, அப்போது போட்ட கணக்கு சின்னப்பிள்ளைத்தனமானது என்று வரிசையாகக் காரணங்கள் வந்தன. எல்லாமே நியாயமான காரணங்கள், அதுதான் பிரச்சினை. கடைசியில் விலைவாசிக்கு மட்டும் சரிக்கட்டிவிட்டு, மற்றதை அப்படியே விட்டேன். அந்தப் பக்கத்தில் அடித்து எழுதிய தடம் இன்னும் இருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்பார்கள். டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களின் அன்றாட மனமகிழ்ச்சி ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் பெரிதாக ஏறவில்லை என்றார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் இல்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். எதிரெதிராக நின்ற கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் ஒன்றாக உட்கார்ந்து தரவுகளை மறுபடி அலசி 2023இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு சிறுபான்மைக்குத்தான் ஒரு அளவுக்கு மேல் அது நின்றுவிடுகிறது. பணம் மகிழ்ச்சி தராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை நான் இதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன். சில துயரங்களின் பக்கத்தில்கூடப் பணம் போக முடியாது, அந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம்.

நேர்வழியில் சம்பாதித்த பணம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பௌத்தத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு, இந்த ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்று இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்டது. நான் இதில் எதையும் விற்கவில்லையே என்று பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதல் வேலையில் என் மேசை முதலாளியின் மேசைக்கு நேர் எதிரே இருந்தது. எங்களுக்குச் சரக்கு கொடுக்கும் சின்ன வியாபாரி ஒருவருக்கு 90 நாளாகப் பணம் தரவில்லை. வங்கியில் பணம் இருந்தது. கணக்குப் புத்தகம் எழுதுபவன் நான், எனக்குத் தெரியும். தினமும் காலை பத்தரை மணிக்கு அவர் போன் செய்வார். நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்ப்பேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே இடதுகையை மட்டும் லேசாக ஆட்டுவார். “சார் ஊர்ல இல்லீங்க” என்பேன். “சரி தம்பி, நாளைக்குக் கூப்பிடறேன்” என்பார். ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மூன்றாவது வாரத்தில் “சார் எப்ப வருவார்னு தோராயமா தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கொடுப்பதில் தாராளமானவர், தினமும் வழிபடுபவர். ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “கையில காசு இருக்கணும்பா, எப்ப என்ன வரும்னு யார் கண்டா?” என்றார். பேராசை என்று அதைச் சொல்ல முடியுமா? சுத்தமான பயம். எனக்கும் பயம்தான், வேலை போய்விடுமோ என்று. இரண்டு பயங்களையும் தாங்கியது போனின் அந்தப் பக்கம் இருந்தவர்.

பழைய சட்டங்கள் இந்த இடத்தில் ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமானவை. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது பைபிளின் லேவியராகமம் 19:13. வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்கிறது ஒரு நபிமொழி. பணம் எங்கிருந்து வந்தது என்பதோடு, அடுத்தவருடைய பணம் எத்தனை நாள் நம் பெட்டியில் தூங்குகிறது என்பதையும் எண்ணச் சொல்கிறார்கள். “தீதின்றி வந்த பொருள்” என்ற குறள் தொடரை இப்போது படித்தால் எனக்கு அந்தப் பத்தரை மணி போன்தான் ஞாபகம் வருகிறது.

வட்டி வாங்குவது பாவமா?

குர்ஆன் 2:275 தெளிவாகவே தடுக்கிறது. யூதர்களின் வேதமான தோராவும் தன் சமூகத்தாரிடம் வட்டி வாங்காதே என்கிறது. கிறிஸ்தவத் திருச்சபை 1179ஆம் ஆண்டு ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கத்தில், ஊரறிந்த வட்டிக்காரர்களுக்கு நற்கருணையும் இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. பிறகு அதே திருச்சபையின் பிரான்சிஸ்கன் துறவிகள் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஏழைகளுக்கு அடகுக்கடன் தரும் நிதியங்களைத் தொடங்கி, நடத்தும் செலவுக்காகச் சிறிய வட்டி வாங்கினார்கள். பெரிய சர்ச்சை ஆயிற்று. 1515இல் இன்னொரு லாத்தரன் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

இதில் நான் அடிக்கடி சொல்லும் கதை வேறு. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனையெல்லாம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது தோராவின் சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஏழாம் வருடம் நெருங்கியதும் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, திரும்பி வராதே என்ற பயம். இப்படி நடக்கும் என்று உபாகமம் 15:9 முன்கூட்டியே எச்சரித்தும்கூட அப்படியே நடந்தது. கடைசியில் ஹில்லேல் என்ற அறிஞர், கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் அது தள்ளுபடியாகாது என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஏழைக்கு உதவ வந்த சட்டத்தை, ஏழைக்குக் கடன் கிடைப்பதற்காகவே வளைக்கவேண்டி வந்தது. மனிதர்களின் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் அறம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மதம் தடுத்தால் வாங்காதீர்கள், அது உங்களுக்கும் உங்கள் நம்பிக்கைக்கும் இடையிலான விஷயம். தடுக்காவிட்டால், நஷ்டம் வரும்போது அது யார் தலையில் விழுகிறது என்று மட்டும் பாருங்கள். எப்போதும் கடன் வாங்கியவர் தலையில் மட்டுமே விழும்படி எழுதிய பத்திரம் எந்தப் பெயரில் இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

வருமானத்தில் எத்தனை சதவீதம் தானம் செய்ய வேண்டும்?

பைபிளின் தசமபாகம் 10 சதவீதம், சீக்கியர்களின் தஸ்வந்தும் பத்தில் ஒன்று. இஸ்லாத்தின் ஜகாத் 2.5 சதவீதம். உடனே எது குறைச்சல், எது அதிகம் என்று ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். கணக்கு எழுதுபவனாக இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். தசமபாகம் வருமானத்தின்மேல். ஜகாத் சேமித்து வைத்திருக்கும் செல்வத்தின்மேல். சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பு அளவுக்குச் சொத்து சேர்ந்து, அது ஒரு சந்திர ஆண்டு முழுக்க உங்களிடம் இருந்தால் அதில் நாற்பதில் ஒரு பங்கு. 1000 பங்கு பணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து வருடா வருடம் ஜகாத் கொடுத்தால் பத்து வருடத்தில் அது சுமார் 776 ஆகிவிடும். சும்மா கிடக்கும் பணத்தைத் தேய வைக்கும் ஏற்பாடு இது. தேயாமல் இருக்க வேண்டுமானால் அதைத் தொழிலில் இறக்க வேண்டும், இறக்கினால் நாலு பேருக்கு வேலை. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிலருக்குச் செஸ் ஆட்டம் பிடிக்கும், எனக்கு இது.

புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்ன ஒரு பங்கீடும் உண்டு. நாலில் ஒன்று அனுபவிக்க, இரண்டு தொழிலில் போட, ஒன்று ஆபத்துக்கு. தானத்துக்கு அதில் தனிப் பங்கே இல்லை. அனுபவிப்பதற்குள்ளேயே கொடுப்பதும் அடங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொடுத்த பிறகு உள்ளுக்குள் ஒரு பெருமை வருகிறதே, அந்தத் தானம் வீண்தானே?

வாங்கியவரின் பசி அடங்கிவிட்டது. வீண் எங்கே?

பெருமை இருக்கட்டும், அதற்கு முந்தைய கணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் காணிக்கைப் பெட்டி முன்னால் நின்றபோது என் விரல்களைக் கவனித்தேன். பர்ஸில் ஒரு பெரிய நோட்டும் இரண்டு சின்ன நோட்டும் இருந்தன. விரல் பெரிய நோட்டைப் பாதி இழுத்தது, நின்றது, அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுச் சின்ன நோட்டை எடுத்தது. அதோடு விட்டதா? நிறம் தெரியாதபடி நாலாக மடித்துப் பெட்டியில் போட்டது. என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் விரலே செய்து முடித்துவிட்டது.

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். அடிப்படியில் நிற்பவர் மனமில்லாமல் கொடுப்பவர். அதற்கு மேல், குறைவாகக் கொடுத்தாலும் முகமலர்ச்சியோடு கொடுப்பவர். அப்புறம் கேட்ட பிறகு கொடுப்பவர், கேட்பதற்கு முன்பே கொடுப்பவர் என்று ஏறிக்கொண்டே போகும். மேலே இரண்டாவது படியில் கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது, வாங்கியவருக்கும் கொடுத்தவரைத் தெரியாது. அதுதான் உச்சி என்று நினைப்போம். அதற்கும் மேலே அவர் வைத்தது, ஒருவருக்குக் கடனோ வேலையோ தொழில் கூட்டோ கொடுத்து அவர் இனி கையேந்தவே தேவையில்லாமல் செய்வதை. முகம் மறைக்கவே வேண்டாத தானம் அது, ஏனென்றால் அங்கே இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனமில்லாமல் கொடுப்பவரையும் மைமோனிடிஸ் பட்டியலை விட்டு வெளியே தள்ளவில்லை, அடிப்படியில் நிற்க இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அது போதும்.

கடனில் இருக்கும்போது தானம் செய்யலாமா?

முதலில் கடனை அடையுங்கள். புத்த சங்கத்தில் கடன்காரருக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்றே விதி இருக்கிறது.

என் கணவர் குடும்பச் சேமிப்பையெல்லாம் ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட நினைக்கிறார். தடுத்தால் எனக்குப் பாவமா?

பாவமே இல்லை. அது அவருடைய பணம் மட்டும் இல்லை என்று சொல்லுங்கள். இல்லாததைக் கொடுக்க முடியாது, அடுத்தவருடையதைக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர்.

சஅத் இப்னு அபீ வக்காஸ் என்ற நபித்தோழர் கடும் நோயில் கிடந்தபோது, என் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தானமாக எழுதிவிடட்டுமா என்று நபியிடம் கேட்டார். வேண்டாம் என்றார். பாதி? வேண்டாம். மூன்றில் ஒன்று? மூன்றில் ஒன்று சரி, அதுவே அதிகம்தான், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுவிட்டுப் போவதைவிட வசதியாக விட்டுவிட்டுப் போவது மேல் என்றார். இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள், எந்த மதத்தவராக இருந்தாலும் பரவாயில்லை. அப்படியும் கேட்காவிட்டால் தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

குரு பணம் வாங்கலாமா?

அரங்குக்கு வாடகை உண்டு, குருவுக்கும் வயிறு உண்டு. வாங்குவதில் தப்பில்லை. எப்படி வாங்குகிறார் என்பதில்தான் எல்லாம்.

இந்தச் சண்டை பழசு. புத்தர் மறைந்து சுமார் நூறு ஆண்டுக்குப் பிறகு வைசாலித் துறவிகள் பௌத்தர்களின் நோன்பு நாளான உபோசத நாளில் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்து, வந்தவர்களிடம் அதில் காசு போடச் சொன்னார்கள். யசர் என்ற துறவி, போடாதீர்கள், துறவிக்குக் காசு ஆகாது என்று கூட்டத்திடமே சொன்னார். இரவில் காசை எண்ணிப் பங்கு போட்டு அவருக்கும் ஒரு பங்கு நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. இதுவும் வேறு ஒன்பது விஷயங்களும் சேர்ந்து இரண்டாம் பௌத்த மகாசங்கம் கூடக் காரணமாயின. அந்தப் பங்கை நீட்டிய கைதான் எனக்கு முக்கியம். கேள்வி கேட்பவரையும் கூட்டாளியாக்கிவிடும் அமைப்பைக் கண்டால் செருப்பைத் தேடுங்கள்.

திதாக்கே என்ற ஆதி கிறிஸ்தவக் கையேடு இன்னும் சுருக்கம். ஊருக்கு வரும் திருத்தூதர் ஒருநாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் போலி. பணம் கேட்டால் போலி. ஆனால் கஷ்டத்தில் இருக்கும் வேறு ஒருவருக்காகக் கேட்டால் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

நான் பார்ப்பது சாதாரண விஷயங்கள். வரவு செலவு கேட்டால் காட்டுகிறார்களா? பணம் இல்லை என்று வருபவருக்கும் அதே பாயா? ஒரு தியான முகாமில் முன்வரிசைக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காரப் போகிறவருக்கு எந்த வரிசையாக இருந்தால் என்ன என்று பணம் வாங்கியவரிடம் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பணத்தைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டே இருந்தால் பணம் வந்து சேருமா?

வந்து சேராது. இந்தப் போதனையில் எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. பணம் வராதவர் சரியாக நினைக்கவில்லை, நம்பிக்கை போதவில்லை என்று அது தலைகீழாகத் திரும்பி அவரையே அடிக்கும். பைபிளில் வரும் யோபு எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்தபோது நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்கள்மேல்.

வறுமையில் ஒரு புனிதம் இருக்கிறது அல்லவா?

தானாக ஏற்றுக்கொண்ட எளிமையில் இருக்கிறது. தலையில் வந்து விழுந்த வறுமையில் இல்லை. கிறிஸ்தவத் துறவி அசிசி பிரான்சிஸ் துணி வணிகரின் மகன். தகப்பனுக்கும் ஆயருக்கும் முன்னால் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார் என்றால், கழற்றிப் போட அவருக்கு நல்ல உடை இருந்தது. சித்தார்த்தருக்கு அரண்மனை இருந்தது. விட ஒன்றுமே இல்லாதவரிடம் போய்த் துறவின் பெருமையைச் சொல்வது கொடுமை.

புத்தருக்கு அது தெரிந்திருந்தது. ஆளவி என்ற ஊரில் போதிக்கப் போனபோது, காணாமல் போன மாட்டைத் தேடி அலைந்த ஒரு ஏழை உழவர் வரும்வரை பேசாமல் காத்திருந்தார். களைத்துப்போய் வந்தவருக்கு முதலில் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். அவர் உண்டு முடித்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. கூட இருந்த துறவிகள் இது என்ன வழக்கம் என்று முணுமுணுத்தார்கள் என்றும் அந்தக் கதை சொல்கிறது. எல்லா அமைப்பிலும் அப்படி நாலு பேர் இருக்கிறார்கள்.

சேமித்து வைப்பது கடவுளை நம்பாததாகாதா?

பாலைவனத்தில் இஸ்ரவேலர் அன்றன்றைக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கு வைத்தபோது புழுத்தது. ஆனால் ஆறாம் நாள் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லப்பட்டது, அது புழுக்கவில்லை. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் யோசேப்பு ஏழு வருட விளைச்சலைச் சேமித்து ஒரு நாட்டையே பஞ்சத்திலிருந்து காப்பாற்றுகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பு என்று நபிமொழி உண்டு. கட்டுங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்துபோய் முடிச்சைச் சரிபார்த்தால் மட்டும் யோசியுங்கள்.

தியானத்தில் உட்கார்ந்தால் மனசுக்குள் பணக் கணக்குதான் ஓடுகிறது. என்ன செய்ய?

எழுந்துபோய் நிஜக் கணக்கைப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. குழுவில் ஒரு நண்பர் இதே குறையோடு வந்தார். வங்கியிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார், ஒரு செங்கல் கனம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தோம். முதல் கடிதத்துக்கு அவர் கை நடுங்கியது. மதியத்துக்குள் மொத்தத் தொகை ஒரு தாளில் வந்துவிட்டது. அவர் மனசுக்குள் வைத்திருந்த தொகையில் பாதிகூட இல்லை. அதிகமாகவே இருந்திருந்தாலும், ஒரு எண்ணோடு வாழ்ந்துவிடலாம், கட்டிவைத்த கடிதங்களோடு வாழ முடியாது.

அடுத்த வாரம் தியானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

அந்த வியாபாரிக்குக் கடைசியில் பணம் கிடைத்ததா?

இதை எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். கிடைத்தது, நாலாவது மாதம். காசோலையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தொகையைக்கூடப் பார்க்காமல் இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“சார் ஊர்லேர்ந்து வந்துட்டாரா தம்பி?” என்று கேட்டார்.

வந்துவிட்டார் என்றேன்.